அம்பா பாடினது ஆர்?

லிஸ்போன் துறை
9 ஒக்ரோபர் 1910

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மாக்கிறட் அக்காவுக்குத் தம்பி டொமினிக் கப்பலிலயிருந்து எழுதுறது. ஆண்டவற்ற புண்ணியத்தில எனக்குச் சுகத்தில ஒரு குறையுமில்லை. கப்பல் குசினியில வெங்காயம் உரிச்சு உரிச்சுக் கண் மட்டும் சிவந்து கிடக்கு. நீங்களும் கிறகரி அத்தானும் எப்பிடி? என்ர மருமகள் எடித்துக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?

கரி இறக்க வந்து நிக்கிறம். இது பறங்கியற்ற தலைநகரம் அக்கா. கடைத்தெருவில நிண்டா எனக்குச் சிரிப்படக்க ஏலாது. குசினி, சன்னல், அலுமாரி, கதிரை எண்டு எங்கட சொல்லையெல்லாம் இவங்கள் களவெடுத்து வைச்சிருக்கிறாங்கள்!

இனிப் பெரிய செய்தி. போன கிழமை இஞ்ச ராசாவைத் துரத்திப்போட்டாங்கள். ரெண்டே நாள்தான். துறைக்குள்ள நிண்ட அவற்ற சொந்தப் போர்க்கப்பலே அரண்மனைப் பக்கம் பீரங்கியைத் திருப்பிச் சுட்டது. நாங்கள் பானையளுக்குப் பின்னால குந்திக்கொண்டு இருந்தனாங்கள். ராசா ஒரு மீன்பிடிக் கரைக்குப் போய், வள்ளத்தில ஏறித் தன்ர கப்பலுக்குப் போனவராம். கரையில நிண்ட சனம் வாய் திறக்காமல் பாத்துக்கொண்டு நிண்டதாம்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கட ஓலைத்தொடுவாய்க் கரை ஞாபகம் வந்திச்சு. கரைவலைக்குச் சொந்தக்காரர், எங்கட அமிர்தநாயகம் சம்மாட்டியார் சுகமோ? "என்ர வலை கிடக்கிற கரையில இவன்ர கால் படக்கூடாது" எண்டு அவர் என்னைக் கலைச்சு நாலு வருசமாச்சு. வருத்தம் வந்து படுத்துக் கிடந்தவனுக்கும் பங்கு குடுங்கோ எண்டு கேட்டதுக்கு! அண்டைக்கு ஒரு குஞ்சும் என்ர பக்கம் நிக்கேல்லை. போகட்டும். கரைவலை இழுக்கிற கைக்குத் தாளமா அத்தான் அம்பா பாடுற குரலைக் கேக்கத்தான் ஆசையாக் கிடக்கு.

உங்கட செபத்தில என்னையும் நினைக்கச் சொல்லிக் கேக்கிற தம்பி,
டொமினிக்.

*

ஓலைத்தொடுவாய்
18 நவம்பர் 1910

சேசு மரி சூசை துணை.

என்ர தம்பி டொமினிக்குக்கு அக்கா எழுதிக்கொள்ளுறது. நாங்கள் மூண்டு பேரும் சுகம். எடித்துக்கு நாலு பல்லு. நாலாலயும் என்னைத்தான் கடிக்கிறாள்.

உன்ர கடிதத்தை ஜமால்தீன் நானா கருவாடு எடுக்க வரேக்க மன்னார்த் தபால் கந்தோரிலயிருந்து கொண்டந்து தந்தவர். ராசா போனாப் போகட்டும், மொக்கு, நீ ஏன் பீரங்கிக்கு முன்னால போய் நிக்கிறாய்? அங்கத்தைச் சாமிமாருக்கும் கன்னியாஸ்திரிமாருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே? அதை எழுதாமல் அலுமாரியை எழுதுறாய்.

உன்ர சம்மாட்டியார் நல்ல சுகம். எங்களுக்குத்தான் சுகமில்லை. இந்த வாடைக்காத்துப் பருவத்துக்கு முதல் வலை வளைச்ச அண்டைக்கே கறிமீனை நிப்பாட்டிப்போட்டார். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலை கரைக்கு வந்தா, பங்கு பிரிக்கிறதுக்கு முந்திக் கயிற்றில கை வைச்ச எல்லாருக்கும் வீட்டுச் சட்டிக்கு ஒரு கை மீன். ஆம்பிளை, பொம்பிளை, நொண்டி, விதவை எண்டு ஆரும் பாத்ததில்லை. இப்ப கொழும்பில கருவாட்டுக்கு நல்ல கிராக்கியாம், அதால மீனெல்லாம் அவற்ற வாடிக் கொட்டிலுக்குள்ள உப்புக்குப் போகோணுமாம். கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு மூண்டு நேரமும் முருங்கையிலை தின்னுறம் தம்பி. என்ர வயிறு எரியுது.

உன்ர அத்தானைக் கொண்டு கேப்பிக்கப் பாத்தன். சம்மாட்டியார் அவருக்கு ஞானத் தகப்பன் எல்லோ. "பாப்பம், பாப்பம்" எண்டுகொண்டு திரியிறார்.

தேவமாதா உனக்குக் காவலாய் இருக்க மன்றாடுகிற அக்கா,
மாக்கிறட்.

*

ஓலைத்தொடுவாய்
10 டிசம்பர் 1910

தம்பிக்கு,

உன்ர பதிலுக்குக் காத்திராமல் எழுதுறன். சுகம் விசாரிச்சதா வைச்சுக்கொள்.

போன கிழமை நாங்கள் கயிறு பிடிக்க மாட்டம் எண்டு சொன்னனாங்கள். ஊர் முழுக்க! அறுபது பேர். சம்மாட்டியார் கரையில வந்து நிண்டு கத்தினார். ஒருத்தரும் அசையேல்லை. மூண்டு நாள் வலை நனையேல்லை. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ, கோயில் மணியைப் போய் அடிப்பமோ எண்டு இருந்தது.

நாலாம் நாள் விடிய அவர் அங்கால தோட்டவெளி ஊரிலயிருந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். ஓலைத்தொடுவாயார் மீன் களவெடுத்துப் பிடிபட்டதால வேலைக்கு வர வெக்கப்படினம் எண்டு அதுகளுக்குச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு வாய்க்கொழுப்பு! தோட்டவெளியார் எங்களுக்குப் பழக்கமில்லை, அதுகளும் நம்பிப்போட்டுதுகள். அப்பவும் நாங்கள் பயப்பிடேல்லை. ஆள் வந்தாப் போதுமோ? அம்பா வேணுமே. அம்பாப் பாட்டில்லாட்டி ஒருத்தன் இழுக்க மற்றவன் விடுவான், வலை கோணி மீன் முழுக்கப் போயிடும்.

ஆரோ பாடினாங்கள். வலை வந்திட்டுது. அடுத்த நாள் நாங்களும் தலையைக் குனிஞ்சுகொண்டு கயிற்றுக்குப் போனம். கறிமீன் இல்லை.

இவ்வளவுதான் செய்தி. எடித் சுகம்.

அக்கா.

*

கார்டிவ் துறை
20 டிசம்பர் 1910

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நவம்பரில எழுதின கடிதம் இண்டைக்குத்தான் கைக்கு வந்தது. குளிரில மூக்கு விழுந்திடும் போல கிடக்கு, மற்றப்படி சுகம். அங்கயும் எல்லாரும் சுகமாய் இருப்பியள் எண்டு நம்புறன்.

கறிமீனையோ நிப்பாட்டினவர்? உங்கட கை என்ன புளியங்காயோ பிடுங்குது? ஒருத்தரும் கயிறு பிடியாதேங்கோ! அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிண்டா அவர் என்ன செய்வார்? லிஸ்போனில ரெண்டு நாள்தான் எடுத்தது. நீங்கள் மூண்டு நாள் நிண்டு பாருங்கோ.

நத்தாருக்கு எடித்துக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வைச்சிருக்கிறன். மன்னார் வெய்யிலுக்கு அது எதுக்கெண்டு கேக்காதேங்கோ.

பாலன் யேசுவின் சமாதானம் உங்கட வீட்டில தங்கட்டும்.
டொமினிக்.

*

பார்சலோனாத் துறை
22 சனவரி 1911

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். நீங்கள் டிசம்பரில எழுதினதை வாசிச்சன். மூண்டு நாள் நிண்டு பாருங்கோ எண்டு நான் எழுதேக்க நீங்கள் நிண்டு முடிச்சிட்டியள். என்ர வாயில அடிக்கோணும்.

இப்ப நிக்கிறது ஸ்பானியா. லிஸ்போனுக்கு அடுத்த வீடு மாதிரி. இஞ்சயும் போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடியில ஊரே திரண்டு எழும்பினதாம். தெருவுக்குத் தெரு கல்லை அடுக்கி மறிச்சவங்களாம். கோபம் தலைக்கேறிக் கோயிலையும் மடத்தையும் கொளுத்தினவங்களாம், அது பெரிய பாவம், நீங்கள் ஏசப்போறியள் எண்டு தெரியும். லிஸ்போனில நிண்டதிலும் கூடச் சனம். எண்டாலும் ஒரு கிழமையில எல்லாம் அடங்கிப்போச்சு. ராசா இண்டைக்கும் இருக்கிறார்.

ஏனெண்டு துறையில மூட்டை தூக்கிற ஒருத்தனை அரைகுறை இங்கிலீசில கேட்டன். "எங்கட ஊர்ப் பட்டாளம் எங்களைச் சுடேல்லை. தங்கட தெருவை எப்பிடிச் சுடுறது? அதால தூர ஊர்ப் பட்டாளத்தை ரயிலில கொண்டந்தாங்கள். இவங்கள் நாட்டை வெட்டிப் பிரிக்கப் பாக்கிறாங்கள் எண்டு அவங்களுக்குச் சொல்லிவைச்சிருந்தாங்கள்" எண்டான்.

தோட்டவெளியார், அக்கா! நான் குசினியில கத்தியைக் கீழ வைச்சிட்டு யோசிச்சன். சனம் எவ்வளவு எண்டதில ஒண்டும் இல்லை. ராசா "இழு" எண்டேக்க இழுக்கிற கை ஆரின்ர கை, அந்தக் கை மற்றப் பக்கத்தை அறியுமோ அறியாதோ, எல்லாம் அதிலதான் கிடக்கு.

ஒண்டு கேக்கிறன். ஆரோ பாடினாங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். ஆர்?

அன்புள்ள தம்பி,
டொமினிக்.

*

ஓலைத்தொடுவாய்
17 பெப்ரவரி 1911

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கு, சர்வேசுரன் தயவால சுகமாய் இருக்கிறம். நீயும் அப்பிடி இருக்க வேண்டிக்கொள்ளுறம். குல்லா வந்து சேந்தது. எடித்துக்குப் போட்டம், அழுது கழட்டி எறிஞ்சாள். இப்ப அதுக்குள்ள கோழி முட்டை வைக்கிறன்.

எங்கட ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்டு வெள்ளை, மற்றது கறுப்பும் வெள்ளையும். கறுப்புக்குக் காதில ஒரு புள்ளி. வேலி பழுதாப்போச்சு, புது ஓலை கட்டோணும். இந்த வருசம் பனங்கிழங்கு நல்லம். கோயில் சுவருக்கு வெள்ளை அடிக்கினம். அன்ரோனெற் மாமிக்கு முழங்கால் நோ. ஜமால்தீன் நானா புது மாட்டுவண்டில் வாங்கிட்டார்.

அத்தான் சுகம். தொண்டைதான் கொஞ்சம் சரியில்லை. கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறன்.

வேறென்ன. எழுத ஒண்டுமில்லை.

அக்கா.

*

கார்டிவ் துறை
14 மார்ச் 1911

சேசு மரி சூசை துணை.

மதிப்புக்குரிய கிறகரி அத்தானுக்கு மைச்சான் டொமினிக் தாழ்மையாய் எழுதுறது. உங்கட தொண்டை சுகமாகோணும் எண்டு செபிக்கிறன்.

அக்கா இந்த முறை ஆட்டுக்குட்டியின்ர காதுவரைக்கும் எழுதியிருக்கிறா. நான் கேட்டதுக்கு மட்டும் பதிலில்லை. அதால உங்களுக்கு ஒரு கதை சொல்லுறன்.

லிஸ்போனில ஒரு பீரங்கிக்காரனைச் சாப்பாட்டுக் கடையில கண்டனான். அரண்மனைப் பக்கம் சுட்ட கப்பலில நிண்டவன். நல்ல வாட்டசாட்டமான ஆள். எப்பிடித் துணிஞ்சனி எண்டு கேட்டன். "துணியேல்லை. சனத்தைச் சுடு எண்டு அதிகாரி சொன்னார். நான் பக்கத்தில நிண்டவனைப் பாத்தன். அவன் என்னைப் பாத்தான். ரெண்டு பேரும் காலமை சாப்பிடேல்லை. அவ்வளவுதான்" எண்டான்.

ஆரையும் குற்றம் சொல்ல இதை எழுதேல்லை அத்தான். நானும் கப்பல் துரையின்ர சொல்லுக்கு வெங்காயம் உரிக்கிறவன்தான். எங்கட கரையில நூறு பேர் நிண்டாலும் வலை ஒரு குரலுக்குத்தான் வரும் எண்டு நினைச்சன், எழுதினன்.

உங்கட கையைப் பிடிச்சுத் தோத்திரம் சொல்லுற மைச்சான்,
டொமினிக்.

*

ஓலைத்தொடுவாய்
11 ஏப்ரல் 1911
பெரிய கிழமை, செவ்வாய்

அடேய் தம்பி,

நீ சுகமாய் இரு. நான் கோபத்தில இருக்கிறன். அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு வந்த கடிதத்தை நான்தான் என்ர வாயால வாசிக்கோணும். அதைத் தெரிஞ்சுகொண்டே எழுதியிருக்கிறாய், கள்ளா.

ஓம். அவர்தான் பாடினவர். உனக்கு அப்பவே தெரியும்.

நாலு மாசமாக் கிணத்தடியில ஒருத்தி என்னோட கதைக்கிறேல்லை. நான் போனா வாளியைத் தூக்கிக்கொண்டு போவாளுகள். பூசையில சமாதானம் வேண்டிப் போட்டு வாசலில முகத்தைத் திருப்புவாளுகள். அதாலதான் உனக்கு ஆட்டுக்குட்டியை எழுதினனான். வேற ஆரோட கதைக்கிறது?

அவரில முழுப் பிழையும் சொல்ல மாட்டன். தகப்பனைக் கடல் கொண்டுபோனாப் பிறகு சோறு போட்டு வளத்தது சம்மாட்டியார். "ஞானத் தகப்பன் பாடு மகனே எண்டார், வாய் தானாத் திறந்திட்டுது மாக்கிறட்" எண்டு அழுதவர். அண்டையிலயிருந்து வீட்டுக்குள்ள ஒரு பாட்டும் முணுமுணுக்கிறேல்லை. கொத்தமல்லி அவிச்சு என்ன செய்யிறது?

உன்ர கடிதத்தை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு ஒண்டே ஒண்டு கேட்டார்: "அந்தப் பீரங்கிக்காரன் பிறகு தன்ர அதிகாரியின்ர முகத்தில எப்பிடி முழிச்சவன்?" அதை நீ எழுதேல்லையே, மொக்கு.

ஊரில திரும்பவும் கதை புகையுது. உயிர்த்த ஞாயிறுக்கும் கறிமீன் இல்லையாம். கயிறு பிடிக்கிறேல்லை எண்டு பேச்சு. சம்மாட்டியார் திரும்பத் தோட்டவெளியைக் கூப்பிடுவார். நீ எழுதின ஸ்பானியாப் பட்டாளம் என்ர மண்டைக்குள்ள சுத்துது. பெரிய வெள்ளிக்கு நான் சிலுவைப்பாதைக்குத் தோட்டவெளிக் கோயிலுக்குப் போறன். கிணத்தடியில என்னோட கதைக்க ஆளில்லாட்டி, தோட்டவெளிப் பொம்பிளையளோட கதைக்கிறன்.

எங்களுக்காக மன்றாடு. இந்த முறையும் உன்ர அத்தான் பாடினால், பிறகு இந்தக் கரையில எங்களுக்கு இருப்பில்லை.

அக்கா.

*

ஓலைத்தொடுவாய்
21 ஏப்ரல் 1911

சேசு மரி சூசை துணை, அல்லேலூயா!

என்ர செல்லத் தம்பிக்கு அக்கா எழுதுறது. சுகம், சுகம், சுகம்!

கேள். நேற்று முந்தநாள், புதன்கிழமை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் கயிற்றுக்குப் போகேல்லை. தென்னைக்குக் கீழ நிண்டனாங்கள். எனக்குப் பக்கத்தில ஒருத்தியும் நிக்கேல்லை. தோட்டவெளியார் வந்து ரெண்டு வரிசையா நிண்டினம். வலை ஏற்கெனவே கடலுக்குள்ள. வலை மடியில பாரை மீன் நிறைஞ்சு தண்ணி வெள்ளையாத் துடிக்குது. சம்மாட்டியார் சால்வையை வீசி, "மகனே, எடு பாட்டை!" எண்டார்.

உன்ர அத்தான் என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. நேரே போய் ரெண்டு வரிசைக்கும் நடுவில நிண்டார். எனக்கு உயிர் போச்சு. எடித்தை இறுக்கிப் பிடிச்ச பிடியில பிள்ளை வீரிட்டு அழுதிட்டுது.

பாடத் துவங்கினார். அம்பாவில பாடிற ஆள் சொல்லுற கடைசிச் சொல்லை இழுக்கிறவை ரெண்டு தரம் திருப்பிச் சொல்லுறதெல்லோ? யோசிக்கிறேல்லை, கையும் வாயும் தன்ர பாட்டில போகும்.

"கடலிலயும் மீனிருக்கு" எண்டார். "இருக்கு! இருக்கு!" எண்டு இழுத்தினம்.
"வலையிலயும் மீனிருக்கு." "இருக்கு! இருக்கு!"
"சம்மாட்டி வாடியில உப்போட இருக்கு." "இருக்கு! இருக்கு!"
"கயிறிழுத்தவன் சட்டியில மீனெங்கே?"

"எங்கே! எங்கே!"

அறுபது தொண்டை, தம்பி! கரை அதிர்ந்தது. கத்தி முடிச்சாப் பிறகுதான் தாங்கள் என்ன கத்தினம் எண்டு அதுகளுக்கே விளங்கிச்சுது. ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார். பிறகு கயிற்றை விட்டிட்டு மணலில குந்தி, "உதுக்கோ எங்களைக் கூட்டியந்தனி? களவு எண்டெல்லோ சொன்னனி? என்ர மனுசி பெரிய வெள்ளிக்கே சொன்னவள், நான்தான் நம்பேல்லை" எண்டார். ஒவ்வொருத்தரா எல்லாரும் குந்திட்டினம். உன்ர அத்தானும் வாயை மூடிக்கொண்டு குந்திட்டார்.

வலை கோணத் துவங்கிச்சுது. சம்மாட்டியார் ஓடிப்போய்த் தனியாக் கயிற்றைப் பிடிச்சார். எழுபது வயசு மனுசன், சால்வை தண்ணிக்குள்ள போகுது, கால் மணலில புதையுது. உன்ர அத்தான் எழும்பப் பாத்தார். நான் ஓடிப்போய் அவற்ற தோளை அமத்தி, "பொறுங்கோ" எண்டன். பொறுத்தம். அது லேசில்லை தம்பி. எனக்கே கண்ணால தண்ணி வந்திட்டுது.

திரும்பிப் பாக்காமலே சம்மாட்டியார் சொன்னார்: "கறிமீன் தாறன். பிடியுங்கோடா."

பிறகென்ன! எங்கட ஊரும் தோட்டவெளியும் ஒரே கயிற்றில. அத்தான் பாடினார், நாலு மாசமா அடைச்சு வைச்ச குரல் முழுக்க வந்தது. வலை வந்ததும் ஊர்ப் பொம்பிளையள் கடகத்தை என்னட்ட நீட்டி, நீ பங்கு போடு எண்டாளுகள். கிணத்தடிக்காரியள்தான்! எல்லாருக்கும் ஒரு கை போட்டன். சம்மாட்டியார் வாடிப் பக்கம் நடந்தார்.

நான் கூப்பிட்டன்: "சம்மாட்டியார், நில்லுங்கோ. நீங்களும் கயிற்றில கை வைச்சனீங்கள்."

திரும்பினார். அவற்ற நனைஞ்ச சால்வையில ஒரு கை மீன் போட்டன், மற்றாக்களுக்குப் போட்ட அளவுதான், ஒரு மீன் கூடவும் இல்லை குறையவும் இல்லை. சால்வையை மீனோட சேத்து முடிஞ்சார். பிறகு அத்தானிட்ட வந்து, "பாட்டு நல்லாத்தான் இருந்தது" எண்டிட்டு, என்னைக் கேட்டார்: "அந்த டொமினிக் இப்ப எந்தக் கடலில? வரச்சொல்லு."

உன்ர பறங்கி ராசாவுக்கு ஏறிப்போக ஒரு கப்பல் நிண்டது. இந்த மனுசன் எங்க போறது? ஞாயிற்றுக்கிழமை பூசையில எங்களுக்குப் பக்கத்தில வந்துதானே முழந்தாளிடோணும். அதால ஆள் விழேல்லை, இறங்கி வந்து கயிற்றைப் பிடிச்சார். எனக்கு அது போதும்.

இண்டைக்கு எங்கட வீட்டில பாரைக் குழம்பு. அத்தான் குசினிக்குள்ள பாடுறார், குரல் கர்ணகடூரம், சட்டி வெடிக்கப் போகுது.

உயிர்த்த ஆண்டவர் உன்னைக் கரை சேக்கட்டும்.
அக்கா.

*

கார்டிவ் துறை
24 மே 1911

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும், கிழவன்மார் முதற்கொண்டு குசினியில எல்லாருக்கும் உங்கட கடிதத்தை என்ர அரைகுறை இங்கிலீசில சொல்லிக் காட்டினன். "எங்கே! எங்கே!" எண்டு இப்ப சாப்பாட்டு மணி அடிக்க முந்தி கப்பல் அடுப்புக்குக் கரி கொட்டுறவங்கள் கத்துறாங்கள். ஓலைத்தொடுவாய்ப் பாட்டு கார்டிவில கேக்குது அத்தான்.

அந்தப் பீரங்கிக்காரன் அதிகாரியின்ர முகத்தில எப்பிடி முழிச்சவன் எண்டு கேட்டனீங்கள். எனக்குத் தெரியாது. திரும்ப லிஸ்போனுக்குப் போனால் ஆளைத் தேடிப் பிடிச்சு, எங்கட அத்தான் எப்பிடி முழிச்சவர் எண்டு நான் அவனுக்குச் சொல்லுவன்.

ஆவணியோட என்ர கப்பல் ஒப்பந்தம் முடியுது. துரை திரும்பக் கையெழுத்து வைக்கச் சொன்னார். இல்லை ஐயா, ஊரில ஒரு வேலை கிடக்கு எண்டன். ஐப்பசியில முதல் வலை வளைக்க முந்தி வந்து சேருவன்.

எனக்கெண்டு மீன் எடுத்து வைக்காதேங்கோ அக்கா. வந்தவுடன வீட்டுக்கும் வரமாட்டன், கோவிக்கப்படாது. நேரே கரைக்குப் போய்க் கயிற்றில கை வைச்சிட்டுத்தான் சட்டியைக் கேப்பன்.

தம்பி,
டொமினிக்.